தொழிற்பேட்டைக்குள் மின்நிலையம்: காலனி மக்களை யார் கேட்பார்?

ஓசூர், சூளகிரி, பர்கூர் சிப்காட் வளாகமொன்றில் அனல்மின் நிலையம் முன்மொழியப்பட்டால், அருகிலுள்ள காலனி மக்களின் கருத்து எப்போது கேட்கப்படும்? 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை, பெரிய அனல்மின் திட்டங்களுக்குப் பொதுமக்கள் கருத்துக்கேட்பை விதிக்கிறது. ஒப்புதல் பெற்ற தொழிற்பேட்டைக்குள் அமையும் திட்டங்களுக்கு விலக்கும் அளிக்கிறது. ஆகவே நிலமெடுப்பின்போதே பேசியாக வேண்டும் என்கிறோம்.

அங்கும் வாசல் குறுகலே. 2013ஆம் ஆண்டின் மத்திய நிலமெடுப்புச் சட்டம், அந்நிலத்தில் மூன்றாண்டுகள் உழைத்து வாழ்ந்த விவசாயக் கூலிகளையும் 'பாதிக்கப்பட்ட குடும்பம்' என ஏற்றது; சமூகத் தாக்க மதிப்பீட்டையும் கட்டாயமாக்கியது. தொழில் நோக்கங்களுக்கான தனது 1997ஆம் ஆண்டுச் சட்டத்துக்குத் தமிழ்நாடு விலக்குப் பெற்றது. சென்னை உயர்நீதிமன்றம் 2019இல் அதைச் செல்லாததாக்கியது. மாநிலம் புதுச் சட்டமியற்றி மீட்டது. 2021இல் உச்சநீதிமன்றம் அச்சட்டத்தை உறுதிசெய்தது. 1997 சட்டப்படி விளக்கம் கேட்கும் அறிவிப்பு நில உரிமையாளருக்கும் நிலத்தில் உரிமைத் தொடர்புள்ளோருக்குமே செல்லும். பட்டா இல்லாத கூலிக் குடும்பத்தின் வாசலுக்கு வராது. (இழப்பீடும் மறுவாழ்வும் மட்டும் 2013 சட்டப்படியே, இது பலருக்குத் தெரிவதில்லை.)

கிராமசபையின் முன்னிசைவை அச்சட்டம் கோருவது ஐந்தாம் அட்டவணைப் பகுதிகளில்தான். தமிழ்நாட்டில் அவை இல்லை. எனினும் அந்நிலத்தில் உழைக்கும் குடும்பங்களின் பெயர்ப்பட்டியலைச் சேர்த்துத் தீர்மானம் நிறைவேற்றி மாவட்ட ஆட்சியருக்கு அனுப்புங்கள். மறுவாழ்வு கோரும் நாளில் கூலிக் குடும்பத்தின் கையில் இருக்கக்கூடிய ஆவணம் பெரும்பாலும் அதுவே.