தோம்பும் செபமாலையும்

1806ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் கிளாடியஸ் புக்கானன் என்ற குருவானவர் யாழ்ப்பாணத்துக்கு வந்தார். வருமுன்பே ஊர் அவருக்குப் பழக்கம், படத்தில். ஒல்லாந்தப் போதகர் பிலிப்பு பால்டேயு எழுதி 1672இல் வெளியான பெரிய நூலில் யாழ்ப்பாணத்துத் தேவாலயங்கள் ஒவ்வொன்றாக வரையப்பட்டிருந்தன. நேரில் பார்த்தபோது அந்த அழகான கட்டடங்களில் பெரும்பாலானவை பாழடைந்து கிடந்தன. புரட்டஸ்தாந்து சமயத்தைப் போதிக்க அங்கே இருந்தவர் ஒரே ஒருவர்: தரங்கம்பாடியிலிருந்து வந்த கிறிஸ்தியான் தாவீது என்ற தமிழர்.

இதற்கு ஐந்து ஆண்டு முன்னர், 1801இல், இலங்கையின் புரட்டஸ்தாந்துக் கிறிஸ்தவர்கள் 3,42,000 பேருக்கு மேல் என்று கணக்குச் சொல்லப்பட்டிருந்தது. ஒல்லாந்தர் 1796இல் ஆங்கிலேயரிடம் இலங்கையை விட்டுப் போனபின், பத்து ஆண்டுக்குள் அந்தக் கூட்டம் கலைந்துவிட்டது. கொள்ளைநோயோ கலகமோ வந்து கலைத்ததாக இல்லை. வந்தவர்கள் வருவதை நிறுத்தினார்கள், அவ்வளவே.

அதே மண்ணில், அதே நூற்றைம்பது ஆண்டுகளில், இன்னொரு கிறிஸ்தவக் கூட்டமும் இருந்தது. அதற்குக் கட்டடம் இல்லை, அரசின் சம்பளம் இல்லை, நெடுங்காலம் சாமியாரும் இல்லை. ஒல்லாந்தர் போனபோது அது இருந்த இடத்தில் இருந்தது. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

முதலாவதன் உயிர்நாடி தோம்பு என்ற அரசாங்கப் பதிவேடு. காணிக்குத் தோம்பு இருந்ததுபோல ஆளுக்கும் தோம்பு இருந்தது. கோவில் வளவிலேயே பள்ளிக்கூடம், அங்கே சட்டம்பியார். ஞானஸ்நானம், கலியாணம் எல்லாவற்றையும் பதிவுசெய்து வைத்திருப்பவர் அவரே. பிள்ளை பள்ளிக்கு வராவிட்டால் தகப்பனுக்குக் குற்றப்பணம். முதலியார் பதவி வேண்டுமா, வேறு அரசாங்க வேலை வேண்டுமா, முதலில் ஞானஸ்நானம் பெற்றிருக்கவேண்டும். பதிவில்லாத கலியாணத்தில் பிறந்த பிள்ளைக்குச் சொத்துரிமையில் சிக்கல். இப்படி ஏற்பாடு செய்தால் யார்தான் கிறிஸ்தவராக மாட்டார்கள்?

ஏற்பாட்டைச் செய்தவர்களுக்கும் விஷயம் தெரியாமல் இல்லை. தீபகற்பம் முழுவதற்கும் விரல்விட்டு எண்ணத்தக்க போதகர்கள். அவர்களில் பலர் துபாஷி இல்லாமல் ஒரு வார்த்தை பேச முடியாதவர்கள். சுற்றுப்பயணத்தில் ஒரு பங்குக்கு வந்தால் காத்திருக்கும் குழந்தைகளுக்கெல்லாம் வரிசையாகத் தண்ணீர் தெளித்துவிட்டு அடுத்த பங்குக்குப் போகவேண்டும். பெயரளவில் கிறிஸ்தவர்களாகி, பழைய வழக்கங்களை விடாதிருப்பவர்களைப் பற்றிப் பால்டேயுவே எழுதியிருக்கிறார். ஞானஸ்நானம் பெற்றவர்களின் தொகைக்கும் திருவிருந்தில் பங்குகொள்பவர்களின் தொகைக்கும் இருந்த தூரம் ஒல்லாந்தச் சபைக்கே பெரிய தலையிடியாக இருந்தது. முதலாவது ஆயிரக்கணக்கில், மற்றது மிகச் சொற்பம். ஒன்றைக் கொடுத்து மற்றதைக் கொடுக்காமல் வைத்திருப்பது சரியா என்று நெடுநாள் வாதித்தார்கள். தோம்பு மட்டும் வளர்ந்துகொண்டே இருந்தது.

இனி மற்றது. 1658இல் யாழ்ப்பாணக் கோட்டை விழுந்ததுமே கத்தோலிக்கக் குருமார் வெளியேற்றப்பட்டார்கள். குருவுக்கு வீட்டில் இடங்கொடுத்தால் மரணதண்டனை என்று பிரகடனம் போட்டார்கள். ஏறத்தாழ முப்பது ஆண்டு கழித்து, 1687இல், தூத்துக்குடிப் பக்கமிருந்து கூலியாள் கோலத்தில் ஒருவர் கடல் கடந்து வந்தார். யோசே வாஸ். 1651இல் கோவாவின் பெனாலிமில் பிறந்த கொங்கணிப் பிராமணக் கிறிஸ்தவர். துணைக்கு யோவான் என்ற இளைஞன். வந்ததும் வயிற்றுளைவு. தொற்றுநோய் என்று பயந்து ஊரார் ஒதுக்கிவைத்த இருவருக்கும் ஒரு பெண் கஞ்சி கொடுத்துக் காப்பாற்றினாள் என்பார்கள்.

யாரிடம் போய், நீ கத்தோலிக்கனா என்று கேட்பது? கேட்கிறவனுக்கும் ஆபத்து, சொல்கிறவனுக்கும் ஆபத்து. வாஸ் ஒரு பெரிய செபமாலையைக் கழுத்தில் தெரியும்படி போட்டுக்கொண்டு வீடு வீடாகப் பிச்சைக்குப் போனார். பிச்சை போடுகிற கையைப் பார்க்கவில்லை, செபமாலையைக் கண்டு சற்றே நின்ற கண்ணைப் பார்த்தார். அப்படித்தான் கண்டுபிடித்தார் தம் மக்களை. சில்லாலை அவருக்கு இருப்பிடமாயிற்று. பூசை இரவில், ஒவ்வொரு நாள் ஒவ்வொரு வீட்டில். துபாஷி தேவைப்படவில்லை, தமிழைப் படித்துக்கொண்டார், பிறகு சிங்களத்தையும்.

1689ஆம் ஆண்டு நத்தார் இரவு யாழ்ப்பாணத்தில் பூசைக்குக் கூடியிருந்தவர்களை, ஒல்லாந்த ஆணையாளர் வான் ரேட் ஆளனுப்பிப் பிடித்தார். குரு அகப்படவில்லை. அகப்பட்டவர்கள் சவுக்கடியும் கோட்டையில் கடூழியமும் பட்டார்கள். ஒருவர் அடியிலேயே செத்தார். அவர் முன்பு ஒல்லாந்தச் சபையில் இருந்து கத்தோலிக்கரானவர். தோம்பில் பத்திரமாக இருந்த பெயரைத் தானே வெளியே எடுத்துக்கொண்டு போன மனிதர். இந்தக் கதை முழுவதிலும் என்னை நிறுத்திவைப்பவர் வாஸ் அல்ல, இவர்தான். வாஸ் துறவி, இழக்க அவருக்கு வீடில்லை, காணியில்லை.

ஆனால் இதை அப்படியே கத்தோலிக்கர் உறுதி, ஒல்லாந்தர் போலி என்று எழுதிவிட்டால் அது சபைப் பிரசங்கமாகிவிடும். ஒல்லாந்தருக்கு முன் ஆண்ட பறங்கியர், அதாவது போர்த்துக்கேயர், காலத்திலும் கும்பல் கும்பலாகத்தான் ஞானஸ்நானம் நடந்தது. அன்றும் பதவியும் சலுகையும் பின்னால் நின்றன. ஒல்லாந்தர் வந்ததும் அந்தக் கும்பலில் பெரும்பகுதி, கோவிலையும் பள்ளிக்கூடத்தையும்போலவே, கைமாறிப் புதுச் சபைக்குப் போயிற்று. வாஸ் கண்டெடுத்தவர்கள் புடைத்தபின் சுளகில் தங்கியவர்கள். புடைத்தது ஒல்லாந்தர்! தாம் அழிக்க நினைத்த சபைக்கு அவர்கள் செய்த உபகாரம் அது. தங்கள் சபைக்கு அப்படி ஒரு சுளகைப் பிடிக்க அவர்களுக்கு மனம் வரவில்லை.

இன்னொன்றும் உண்டு. தோம்பிலே கத்தோலிக்கரும் இருந்தார்கள். சொத்துக்காகக் கலியாணத்தை ஒல்லாந்தக் கோவிலில் பதிந்துவிட்டு, சாமியார் வரும்போது இரவில் மந்திரித்துக்கொண்டவர்கள் உண்டு. ஆகவே வெறும் பெயர்ப்பதிவை வைத்து யாரையும் கோழை என்று சொல்லிவிட முடியாது.

யாழ்ப்பாணத்தில் வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி ஒன்று: சைவர்கள் விரத நாளில் இலைபோட்டுச் சாப்பிட்டுவிட்டு, வெளியே எறிந்தால் ஒற்றனுக்குத் தெரிந்துவிடும் என்று, உண்ட இலையைக் கூரை இறப்பில் செருகி வைப்பார்களாம். அந்த மனிதனின் பெயரும் தோம்பில் கிறிஸ்தவன் என்றுதான் இருந்திருக்கும். ஞாயிற்றுக்கிழமை போதனை கேட்டிருப்பான். அவனை ஆழமில்லாத கிறிஸ்தவன் என்று கணக்கில் எழுதுவது தவறு. அவன் கிறிஸ்தவனே அல்லன், ஆழமான சைவன். இறப்பில் செருகிய இலையும் மடியில் மறைத்த செபமாலையும் ஒரே சாதிப் பொருள்கள். ஒல்லாந்தச் சபையின் நுனிப்புல் மேய்ச்சலைத் தேடுகிறவர்கள் அவன் வீட்டில் தேடவேண்டாம். அவன் தலையில் தண்ணீர் தெளித்துவிட்டு, ஒரு ஆத்துமா சேர்ந்தது என்று மேலிடத்துக்கு எழுதிய கையிலே தேடலாம்.

அந்தச் சபையிலும் முழுமனத்தோடு இருந்தவர்கள் இல்லாமலில்லை. பிலிப்பு தெ மெல்லோ அங்கே குருப்பட்டம் பெற்ற தமிழர். அவர் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1759இல் கொழும்பில் அச்சேறியது. வேதத்தைத் தமிழில் தர உட்கார்ந்து உழைத்த மனிதரைத் தோம்புக் கிறிஸ்தவர் என்று யார் சொல்வார்? ஆனால் அவர் தனிமரம். தோப்பு அவரைச் சுற்றி வளரவில்லை.

வாஸுக்கும் அரச நிழல் கிடைத்ததே என்று கேட்கலாம். கிடைத்தது. 1692இல் கண்டிக்குப் போனவரைப் பறங்கி ஒற்றன் என்று சிறையில் போட்டார்கள். பின்னர் இரண்டாம் விமலதர்மசூரிய மன்னன், பௌத்தன், அவரை நடமாட விட்டான். 1697இல் அம்மை கண்டியைச் சூறையாடியபோது, பெற்றவர்களே போட்டுவிட்டு ஓடிய நோயாளிகளை அவரும் அவர் மருமகன் யோசே கர்வாலோவும் பார்த்துக்கொண்டதில் மன்னனுக்கு மதிப்பு கூடியது. ஆனால் அந்த நிழலில் யாருக்கும் முதலியார் பதவி விளையவில்லை. ஞானஸ்நானம் பெற்றால் கண்டி அரண்மனையில் கிடைப்பது ஒன்றுமில்லை. உயர்ந்த குருப்பதவி தம்மைத் தேடி வந்தபோதும் வாஸ் வேண்டாம் என்றார். 1711 ஜனவரி 16ஆம் நாள் கண்டியில் இறந்தார். 2015இல் கொழும்பு காலிமுகத் திடலில் பிரான்சிஸ் பாப்பரசர் அவருக்குப் புனிதர் பட்டம் அளித்தபோது, அந்தத் திடல் கொள்ளாத கூட்டம்.

ஆங்கிலேயர் கத்தோலிக்கர்மீது இருந்த தடைகளை நீக்கியதும் அதே 1806இல்தான். புக்கானன் பார்த்துவிட்டு எழுதியவற்றில் ஒரு செய்தி: போதகர் இல்லாமல் வெறுமையாகக் கிடந்த ஒல்லாந்தத் தேவாலயங்களில், கோவாவிலிருந்து வந்த குருமார் சத்தமில்லாமல் குடியேறிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சுவர்களில் பலவற்றை முதலில் எழுப்பியவர்கள் பறங்கியர். சாவியை யாரும் கேட்கவில்லை.