வாசல் பக்கம் ஒல்லி டேபிள் வாங்கப் போறீங்களா? உப்புக்காத்து ஊர்க்காரர்கள் முதலில் பார்க்க வேண்டியது அதன் அடிப்பக்கத்தை!

சாவி, ஹெல்மெட், கரன்ட் பில் கார்டு, சார்ஜரில் போட்ட செல்போன் என்று வீட்டுக்குள் நுழைந்ததும் கையில் இருப்பதை வைக்க ஒரு இடம் வேண்டும். அதற்காகவே சுவரை ஒட்டிப் போடும் ஒல்லியான மேஜைகள் இப்போது ஆன்லைனில் அதிகம் விற்பனையாகின்றன. கடைக்காரர்கள் இதை 'கன்சோல் டேபிள்' என்கிறார்கள். அகலம் ஒரு அடிதான் இருக்கும், நீளம் மூன்று, நான்கு அடி வரை போகும்.

கோவையில் இதை வாங்குபவர் கலரையும் விலையையும் பார்த்தால் போதும். விழுப்புரம் மாவட்டம் மரக்காணத்தில் அது போதாது. கிழக்கே வங்கக்கடல், ஊரை ஒட்டி ஆயிரக்கணக்கான ஏக்கரில் உப்பளம், பக்கத்தில் கழுவெளி. இந்தக் காற்றில் புது மேஜையின் ஸ்க்ரூ ஒரே மழைக்காலத்தில் பழுப்பு நிறத்துக்கு மாறிவிடும்.

உப்புக்காற்று எதைத் தின்கிறது?

பலரும் நினைப்பது போல மரத்தை அல்ல. உப்பளத்தில் உப்பை வாரிக் குவிக்க மரப்பலகையைத்தான் பயன்படுத்துகிறார்கள். கடலோரத்தில் கட்டுமரத்தை ஆணி அடிக்காமல் கயிறு போட்டுக் கட்டுகிறார்கள். உப்புக்கு மரம் ஈடுகொடுக்கும், இரும்பு ஈடுகொடுக்காது என்பது இந்தத் தொழில்களில் இருப்பவர்களுக்குத் தலைமுறையாகத் தெரிந்த விஷயம்.

காரணம் எளிது. காற்றில் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே தண்ணீரை இழுத்துக் கரையத் தொடங்கும். ஐப்பசி, கார்த்திகையில் அடுப்படி உப்பு ஜாடி கசகசவென்று ஆவது இதனால்தான். கடல் உப்பில் கலந்திருக்கும் மெக்னீசியம் குளோரைடு இன்னும் மோசம், 33 சதவீத ஈரப்பதத்திலேயே ஈரமாகிவிடும். அதாவது மேஜை மேல் படியும் உப்புத்தூசி, மழை பெய்யாத நாளிலும் இரும்பின் மேல் ஒரு ஈரப் படலமாக உட்கார்ந்திருக்கும். துரு பிடிக்க அதுவே போதும்.

இது சாதாரண பிரச்சினை இல்லை என்பதற்கு ஒரு உதாரணம். காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம், கடற்கரைக் காற்றில் உலோகம் எப்படி அரிக்கிறது என்று பார்க்கவே மண்டபத்தில் ஒரு மையம் வைத்திருக்கிறது. 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய பாம்பன் பாலத்தில் சிறப்பு பெயின்டோடு, போல்ட் இடுக்குகளைத் தவிர்க்க முழுக்க வெல்டிங் இணைப்புகளும் வைக்கப்பட்டன. இணைப்பு இடுக்குகளில்தான் உப்பும் ஈரமும் தங்கும். மேஜைக்கும் அதே கணக்குதான்.

அடிப்பக்கத்தைத் திருப்புங்க!

கடையில் மேஜையை ஒருக்களித்துப் பாருங்கள். கால் பலகையோடு எப்படிச் சேர்ந்திருக்கிறது? துளைக்குள் மர நாக்கைச் செருகி, மூங்கில் ஆணியோ மர ஆணியோ அடித்திருந்தால் அது நல்ல வேலை. சின்ன இரும்பு ஸ்க்ரூ, எல் வடிவத் தகடு, திருகி இறுக்கும் 'கேம் லாக்' என்றால் முதலில் போகப்போவது அதுதான். ஆடும் மேஜைகளில் பாதிக்குக் காரணம் மரம் இல்லை, துருப்பிடித்துத் தளர்ந்த ஸ்க்ரூதான் என்று தச்சர்கள் சொன்னால் நம்பலாம்.

ஆன்லைன் மேஜைகள் பல பார்ட்டிகிள் போர்டு அல்லது எம்டிஎஃப்-இல் வருகின்றன. மரத்தூளையும் நாரையும் பசை போட்டு அழுத்திய பலகை இது. மேலே லேமினேட் பளபளவென்று இருக்கும். ஆனால் ஸ்க்ரூ துளை வழியாகவோ ஓரப் பட்டை விட்ட இடத்திலோ ஈரம் இறங்கினால் பிஸ்கட் மாதிரி ஊதிவிடும். ஊதிய பலகையை மறுபடி பழைய அளவுக்குக் கொண்டுவர வழியே இல்லை. இந்த ஊருக்கு இது வேண்டாம், தள்ளுபடி எவ்வளவு கொடுத்தாலும்.

பிளைவுட் என்றால் அதன் மேல் உள்ள முத்திரையைப் படியுங்கள். 'எம்ஆர்' என்று இருந்தால் ஓரளவு ஈரத்தைத் தாங்கும் என்று மட்டுமே அர்த்தம், தண்ணீரைத் தாங்கும் என்று அல்ல. ஐஎஸ் 710 என்ற எண்ணோடு ஐஎஸ்ஐ முத்திரை இருப்பதுதான் மரைன் பிளைவுட். அதன் பசை 72 மணி நேரம் கொதிநீரில் கிடந்தும் விடாமல் இருக்க வேண்டும் என்பது விதி.

ஸ்டீல் கால் வாங்கலாமா?

கடைக்காரர் ஒரு காந்தத்தை வைத்துக் காட்டி, "ஒட்டலை பாருங்க, ஒரிஜினல் எஸ்எஸ்" என்பார். இது பாதி உண்மை. மலிவான 202 கிரேடும் காந்தத்தில் ஒட்டாது, நல்ல 304-உம் ஒட்டாது. 202-இல் நிக்கல் குறைவு, கடற்கரையில் சீக்கிரம் புள்ளி விழும். 304-இலும் டீக்கறை போல லேசாகப் படியும், துடைத்து வந்தால் சமாளிக்கலாம். உப்புக்கு உண்மையிலேயே நின்று பிடிப்பது 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் சேர்த்த 316. கால் முழுக்க 316 கேட்டால் பட்ஜெட் தாங்காது. ஆனால் ஸ்க்ரூவை மட்டும் 316-இல் வாங்கி மாற்றுவது பெரிய செலவு இல்லை.

பவுடர் கோட்டிங் போட்ட இரும்புக் குழாய் கால்கள் வெளியே அழகாக இருக்கும். உள்பக்கம் கோட்டிங் இருக்காது. கீழே உள்ள ரப்பர் மூடி கழன்றால் துரு உள்ளிருந்தே வரும்.

பக்கத்து மரமே போதும்

தேக்குதான் வேண்டும் என்றில்லை. கடலோரத்திலேயே வளரும் பூவரசு, உப்பும் ஈரமும் பழகிய மரம். வேம்பும் பலாவும் கூட நல்லதுதான். 2011 டிசம்பர் தானே புயலில் கடலூர், பண்ருட்டிப் பக்கம் பலா மரங்கள் பெருமளவில் சாய்ந்தது நினைவிருக்கலாம். மரக்காணம் பக்கம் எங்கு பார்த்தாலும் இருக்கும் சவுக்கு பந்தலுக்கும் சாரத்துக்கும் சரி, மேஜைப் பலகைக்கு வேண்டாம், வெடிக்கும். புதுச்சேரி பக்கம் பழைய மரச்சாமான் விற்கும் கடைகளில் ஒல்லி மேஜை கிடைத்தால் யோசிக்காமல் பாருங்கள். பழைய மரம் ஏற்கெனவே காய்ந்து முறுக்கி முடித்திருக்கும்.

எந்த மரமானாலும் காலின் அடி முனையைக் கவனிக்க வேண்டும். வெட்டுமுனை ஸ்ட்ரா மாதிரி தண்ணீரை உறிஞ்சும். அங்கே வார்னிஷ் இரண்டு கை அடித்து, கீழே பிளாஸ்டிக் புஷ் போடுங்கள். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, இதே மாவட்டத்தின் மயிலத்தில் 50 செ.மீ. அளவுக்கு மழை கொட்டியது. அந்த மாதிரி நேரத்தில் தரை வரை மூடிய பெட்டி மேஜை நிற்காது. நான்கு கால் மட்டும் உள்ள மேஜை என்றால் தண்ணீர் அடியில் ஓடிவிடும், துடைத்துக் காய வைக்கலாம்.

அளவு எவ்வளவு?

கலைஞர் கனவு இல்லம் திட்டத்தில் ஒரு வீட்டின் பரப்பு 360 சதுர அடி. அந்த மாதிரி வீட்டில் ஒவ்வொரு அங்குலமும் கணக்கு. மேஜை போட்ட பிறகு நடந்து போக 3 அடி மிச்சம் இருக்க வேண்டும். நடை 4 அடி என்றால் மேஜை 12 அங்குலத்தைத் தாண்டக் கூடாது, 10 இருந்தால் நல்லது. புயல் நேரத்தில் கரன்ட் இல்லாத இருட்டில் வயதானவரை இரண்டு பேர் தாங்கி வெளியே கூட்டி வரணும் என்றால் இந்த 3 அடிதான் வழி. ஆர்டர் போடும் முன் பழைய செய்தித்தாளை மேஜை அளவுக்கு மடித்துத் தரையில் போட்டு, கதவை முழுசாகத் திறந்து இரண்டு நாள் நடந்து பாருங்கள். உயரம் 30 முதல் 34 அங்குலம் சரி.

ஒல்லி மேஜை எளிதில் கவிழும். டிராயரைப் பிடித்துக் குழந்தை ஏறினால் போதும். 2016-இல் ஐகியா நிறுவனம் அமெரிக்காவில் சுமார் 2.9 கோடி டிராயர் அலமாரிகளைத் திரும்பப் பெற்றது, குழந்தைகள் மேல் கவிழ்ந்து உயிரிழப்பு ஏற்பட்டதால்தான். மேஜையைச் சுவரோடு ஒரு கிளாம்ப் போட்டுப் பிடித்துவிடுங்கள். அந்த ஸ்க்ரூவும் துருப்பிடிக்காததாக இருக்கட்டும்.

வாங்கிய பிறகு?

வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, உடனே காய்ந்த துணியால் ஒரு துடைப்பு. வெறும் காய்ந்த துணியால் தேய்த்தால் உப்புத்தூசி உப்புத்தாள் போல வார்னிஷைக் கீறும். மழைக்காலத்துக்கு முன் புரட்டாசியில் ஸ்க்ரூ தலைகளில் கொஞ்சம் மெழுகோ எண்ணெயோ தடவலாம். ஐப்பசி தொடங்கினால் உப்பளத்தில் வேலை நிற்கும். அந்த மாதங்களுக்குத் தொழிலாளர் குடும்பங்களுக்கு அரசு தரும் நிவாரணம் 5,000 ரூபாய். அதிலிருந்து இன்னொரு மேஜைக்குப் பணம் எடுக்க முடியாது.

மேஜையே வேண்டாம் என்றால்?

சொந்த வீடு, செங்கல் சுவர் என்றால் இன்னொரு வழி இருக்கிறது. பழைய வீடுகளில் விளக்கு வைக்க மாடக்குழி இருந்த இடத்தில், 10 அங்குல அகலத்தில் ஒரு கடப்பாக் கல்லைச் சுவரில் பதித்துவிடலாம். கால் கிடையாது, ஸ்க்ரூ கிடையாது, துருவும் கிடையாது. தண்ணீர் வந்தாலும் அடியில் ஓடிவிடும். நாலரை அங்குலச் சுவர் அந்த எடையைத் தாங்குமா என்று மட்டும் கொத்தனாரிடம் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். குழந்தை இருக்கும் வீடு என்றால் கல்லின் முனைகளை உருட்டித் தரச் சொல்லுங்கள்.