இராவணன் (அனிமேஷன் தொடர்ப் பாத்திரம்)

இராவணன், ‘தி லெஜண்ட் ஆஃப் ஹனுமான்’ அனிமேஷன் தொடரில் பருவத்துக்குப் பருவம் திரும்பி வரும் எதிர்நாயகன். அனுமனைத் தன் ஆற்றலை மறந்துவிட்டு மீண்டும் கண்டடையும் சூப்பர் ஹீரோவாக வைத்துக் கதை சொல்லும் இத்தொடர், 2021 ஜனவரி 29 அன்று டிஸ்னி பிளஸ் ஹாட்ஸ்டாரில் தமிழ் உள்ளிட்ட ஏழு இந்திய மொழிகளில் வெளியானது. ஆனால் தோற்றும் ஒழியாமல் மறுபடி வந்து நிற்கும் எதிரி என்ற வார்ப்பு அனிமேஷன்காரர்கள் கண்டுபிடித்ததன்று. சேதுக் கடற்கரையில் அது பல நூற்றாண்டுகளாகப் புழங்கி வருகிறது.

இராமநாதபுரத்துக்குத் தெற்கே உள்ள திருப்புல்லாணி, திருமங்கையாழ்வார் பாடிய திவ்விய தேசம். ஆதி ஜகந்நாதப் பெருமாள் கோயிலில் தர்ப்பசயன இராமருக்குத் தனிச் சந்நிதி இருக்கிறது. கடலரசன் வழிவிட வேண்டி இராமன் தர்ப்பைப் புல்லில் படுத்துக் காத்திருந்த இடம் இது என்பது தலபுராணம். வான்மீகி அந்தக் காத்திருப்பை மூன்று நாள் என்கிறார்; கம்பர் ஏழு நாளாக்குகிறார். இந்தச் சந்நிதியில் இராமனோடு சீதை இல்லை. அவளை இலங்கையில் சிறைவைத்திருப்பவனுக்கு இங்கே உருவம் கிடையாது; ஆனாலும் கடலுக்கு அப்பால் அவன் இருப்பதை மறந்துவிட்டு இந்தத் தலத்தின் கதையைச் சொல்ல முடியாது. அருகிலுள்ள சேதுக்கரையிலிருந்துதான் அணை கட்டத் தொடங்கியதாக ஊர் மரபு சொல்கிறது.

எதிரி திரும்பி வருவதற்கான காரணத்தைத் தமிழில் யாரும் மறக்காதபடி அமைத்தவர் கம்பர். முதற்போரில் தேரும் படைக்கலமும் இழந்து வெறுங்கையோடு நிற்கும் இராவணனைக் கொல்லாமல், இன்று திரும்பிப் போய் நாளை போருக்கு வரும்படி இராமனே அனுப்பிவிடுகிறான். அந்தச் சொல் பழமொழியாகி, 1981இல் பாக்யராஜ் படத்துக்குத் தலைப்பாகவும் ஆனது. நாயகனின் பெருந்தன்மையே எதிரிக்கு இன்னொரு நாளைத் தருகிறது. ஊர் திரும்பும் இராவணனைக் கம்பர் விட்டுவிடவில்லை. பகைவர் சிரிப்பதைவிடச் சானகி சிரிப்பாளே என்று அவன் கூசுவதைக் காட்டுகிறார். அந்த வெட்கத்திலிருந்துதான் கும்பகருணனை எழுப்பும் அடுத்த கட்டம் பிறக்கிறது. தொடர்கதை எழுதுகிற எவரும் படித்துப் பார்க்க வேண்டிய இடம் இது.

சைவ மரபோ அவனைப் பக்தனாக வைத்திருக்கிறது. ஏழாம் நூற்றாண்டில் சம்பந்தர் தம் பதிகங்களின் எட்டாம் பாடலில், கயிலையை எடுக்கப்போய் நசுங்கிப் பின் இசை பாடி அருள் பெற்ற இராவணனைப் பெரும்பாலும் நினைவுகூர்கிறார். சிவன் கோயில்களில் அவன் பத்துத் தலையோடு சுவாமியைச் சுமக்கும் வாகனமாகத் தெருவுலா வருகிறான். அவனைக் கொன்ற பழி தீரவே இராமன் இராமேசுவரத்தில் இலிங்கம் வைத்து வழிபட்டான் என்பது தலவரலாறு. அங்கே ஆண்டுதோறும் மூன்று நாள் நடக்கும் இராமலிங்கப் பிரதிஷ்டை விழா இராவண சம்ஹாரத்தோடு தொடங்குகிறது. அடுத்த நாள் தனுஷ்கோடி வழியிலுள்ள கோதண்டராமர் கோயிலில் வீடணனுக்குப் பட்டாபிஷேகம். சென்ற ஆண்டு மாண்டவன் இந்த ஆண்டும் வந்து மாள்கிறான்.

நகரும் சித்திரமாக அவனை முதலில் காட்டியது தோல்பாவைக்கூத்து. ஆட்டுத்தோலைப் பதப்படுத்தி வெட்டி வண்ணம் தீட்டிய பாவைகளை விளக்கொளியில் வெள்ளைத் திரைக்குப் பின் ஆட்டி, இராமாயணத்தைப் பல இரவுகளாகப் பிரித்து நடத்துவார்கள். இடையிடையே உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் வந்து சிரிக்க வைப்பார்கள். கம்பரில் இல்லாத மயில் இராவணன் கதையும் சேர்ந்துகொள்ளும்: பாதாளத்துக்குக் கடத்தப்பட்ட இராம இலக்குவரை அனுமன் மீட்கும் கதை அது. கடைசி இரவு வரை இராவணன் சாகக் கூடாது. செத்தால் மறுநாள் கூட்டம் வராது. பாவை ஆட்டுபவரே பெரும்பாலும் எல்லாப் பாத்திரங்களுக்கும் குரல் கொடுப்பார்.

அனிமேஷனில் அவன் பெரிய அளவில் வந்தது ஜப்பானியரான யூகோ சாகோவும் இந்திய அனிமேஷனின் முன்னோடி ராம் மோகனும் சேர்ந்து உருவாக்கிய ‘ராமாயணா: தி லெஜண்ட் ஆஃப் பிரின்ஸ் ராமா’ திரைப்படத்தில். 1990களின் தொடக்கத்தில் கையால் வரைந்து முடித்த அப்படத்தின் இந்தி வடிவத்தில் இராவணனுக்குக் குரல் அம்ரிஷ் புரி. 2006இல் வர்ஜின் காமிக்ஸ் ‘ராமாயண் 3392 ஏ.டி.’ என்ற சித்திரக்கதையில் அவனை எதிர்காலத்துக்குக் கொண்டுபோனது. அதில் பங்கேற்ற ஜீவன் ஜே. காங்கும் அந்நிறுவனத்தை நடத்திய சரத் தேவராஜனும் பிறகு கிராஃபிக் இந்தியா மூலம், சாருவி அகர்வாலோடு சேர்ந்து, அனுமன் தொடரை உருவாக்கினார்கள்.

முதற்பருவம் 13 பகுதிகள். 2021லேயே இரண்டாம் பருவம் வந்தது. 2024இல் மட்டும் மூன்று பருவங்கள். ஒரு காப்பியத்தின் போர் இத்தனை ஆண்டுகள் நீண்டதற்கு எதிரியின் கனமே காரணம். இந்தியில் இராவணனுக்குக் குரல் கொடுக்கும் சரத் கேல்கரே கதைசொல்லியும் ஆவார். கதையை நடத்தும் குரலும் அதைக் கெடுக்க வரும் குரலும் ஒன்றாக ஒலிப்பது இத்தொடரின் சிறந்த முடிவு என்பேன். பாவைக்கூத்துத் திரைக்குப் பின்னால் இருந்தவருக்கு அது புதிதாகத் தோன்றியிராது. வீழ்த்த முடியாத பலம் என்ற ஒன்றையே நம்பும் சூப்பர் ஹீரோக் கதைகளுக்கு நடுவே, தன் அறிவும் தவமும் தன்னைக் காக்காத ஒருவனைக் குழந்தைகள் முன் நிறுத்துவது பெரிய காரியம். கம்பர் காட்டிய அந்த வெறுங்கை நடைக்கு ஒரு முழுப் பகுதியையே ஒதுக்கலாம்.

சாகோவின் படம் 4கே தரத்தில் புதுப்பிக்கப்பட்டு 2025 ஜனவரி 24 அன்று தமிழிலும் திரையரங்குகளுக்கு வந்தது.