கணக்கில் ஏறாத காடு

ஜொகூரில் கங்கார் பூலாய், கங்கார் தெப்ராவ் என்னும் ஊர்ப்பெயர்கள் இன்றும் வழங்குகின்றன. கங்கார் என்பது ஆற்றங்கரைச் சீனக் குடியேற்றத்தைக் குறிக்கும் சொல். சிங்கப்பூரில் நிலமும் காடும் வளம் குன்றவே, கம்பிரும் மிளகும் பயிரிட்ட சீனர் ஜொகூரை நாடினர். தெமெங்கோங் இப்ராகிம் 1844 முதல் ஆற்றுக்கு ஓர் உரிமைச் சீட்டாக வழங்கினார். சீட்டைப் பெற்ற தலைவன் கங்சூ எனப்பட்டான்.

கம்பிர் இலையைப் பெருங்கொப்பரைகளில் காய்ச்ச வேண்டும். அதற்கு விறகு ஏராளமாக வேண்டும். தோல் பதனிடவும் சாயமிடவும் அச்சரக்குக்கு மேல்நாட்டில் கிராக்கி இருந்தது. ஏறத்தாழப் பதினைந்து, இருபது ஆண்டுகளில் மண் சாரமிழக்கும். அருகிலுள்ள காடும் அடுப்பில் எரிந்துவிடும். பிறகு தோட்டம் வேறிடத்துக்கு நகரும். முதலிட்ட சிங்கப்பூர் வணிகரின் பேரேட்டுக்கு முன்பணமும் அரிசியும் சரக்கின் விலையும் வேண்டியிருந்தன. எரிந்த காட்டுக்கு அதில் பற்று இல்லை, வரவும் இல்லை. அவர்கள் கணக்குத் தெரியாதவர்களல்லர். காட்டுக்கு எவரும் அவர்களிடம் விலை கேட்கவில்லை, அவ்வளவே. கங்சூ முறை 1917-இல் ஒழிக்கப்பட்டது. அதற்கு முன்பே ரப்பர் வந்துவிட்டது. அதனோடு தமிழரும் வந்தனர்.

இன்று பல்கலைக்கழக மாணவர் சமூக, சுற்றுச்சூழல் கணக்கியலைக் கண்டு ஒதுங்குவதற்கும் இப்பழைய பேரேட்டுக்கும் உறவுண்டு. மலேசியாவில் கணக்காளர் தொழிலை ஒழுங்குபடுத்தியது 1967-ஆம் ஆண்டுக் கணக்காளர் சட்டம். தொழிலுக்கு வேண்டிய நிதிக் கணக்கு, தணிக்கை, வரி, நிறுவனச் சட்டம் ஆகியவை கட்டாயப் பாடங்களாயின. சுற்றுச்சூழல் கணக்கு பெரும்பாலும் விருப்பப் பாடமாகவோ, வேறு பாடத்தின் ஓர் அத்தியாயமாகவோ நின்றது. வேலை நேர்காணலில் கேட்கப்படாத பாடத்தை மாணவர் ஏன் எடுப்பர்? விடை ஒன்றேயான கணக்குகளில் பழகியவர்க்கு நீண்ட கட்டுரை விடையும் அச்சந்தருவது. ஆர்வமுள்ள ஆசிரியர் வாய்த்த இடத்தில் எடுப்பவரும் உண்டு. இதனை மாணவரின் சோம்பல் என்று தள்ளுவது நியாயமன்று.

பிரிட்டனில் ராப் கிரே என்னும் பேராசிரியர் 1991-இல் டண்டீ பல்கலைக்கழகத்தில் இத்துறைக்கெனவே ஆய்வு மையம் நிறுவினார். மலேசியப் பங்குச் சந்தையோ 2006-இல்தான் நிறுவனச் சமூகப் பொறுப்புக்கு ஒரு வரைவை வெளியிட்டது.

2019 மார்ச்சில் பாசிர் கூடாங்கின் கிம் கிம் ஆற்றில் சட்டவிரோதமாக இரசாயனக் கழிவு கொட்டப்பட்டது. மாணவர் உட்பட ஆயிரக்கணக்கானோர் மருத்துவம் பெற்றனர். 111 பள்ளிகள் மூடப்பட்டன. கழிவை முறைப்படி அகற்றும் செலவைத் தவிர்த்தவரின் ஏட்டில் அது மிச்சமாகவே தெரிந்திருக்கும். மருத்துவச் செலவும் ஆற்றைத் துப்புரவு செய்யும் செலவும் வேறு ஏடுகளில் விழுந்தன. இச்செலவு யாருடையது என்று வகுப்பில் கேட்டால், பற்று வரவு மட்டும் கற்ற மாணவனால் விடை சொல்ல இயலாது.

2024 செப்டம்பரில் தேசிய நிலைத்தன்மை அறிக்கையிடல் கட்டமைப்பு அறிவிக்கப்பட்டது. அதன்படி 200 கோடி ரிங்கிட்டும் அதற்கு மேலும் சந்தை மதிப்புள்ள முதன்மைச் சந்தை நிறுவனங்கள், 2025-இல் தொடங்கும் நிதியாண்டு முதல் அத்தகைய அறிக்கை தர வேண்டும். அவ்வறிக்கையை எழுதவும் சரிபார்க்கவும் ஆள் வேண்டும். நேர்காணலில் இனி இப்பாடத்தைப் பற்றியும் கேட்பார்கள்.