மைக்ரோவேவ் மின்மாற்றி வெல்டர்

பழைய மைக்ரோவேவ் அடுப்பின் மின்மாற்றியைக் கொண்டு வீட்டிலேயே செய்யப்படும் வெல்டிங் மின்வழங்கி. அடுப்பில் சுமார் 2,000 வோல்ட் தரும் இரண்டாம் சுருளை அறுத்தெடுத்துவிட்டு, கட்டைவிரல் பருமனுள்ள செம்புக் கேபிளை இரண்டு சுற்று சுற்றினால், ஏறத்தாழ 2 வோல்ட்டில் பல நூறு ஆம்பியர் கிடைக்கும். மெல்லிய தகடுகளை ஸ்பாட் வெல்டிங் செய்ய இது தாராளம். ஆர்க் வெல்டிங்குக்கு ஏற்றதன்று: ஆர்க் பிடிக்க 50 வோல்ட்டுக்கு மேல் வேண்டும், அத்தனை சுற்றுத் தடித்த கம்பிக்கு இரும்பு உள்ளகத்தில் இடமில்லை. இரண்டு மின்மாற்றிகளைத் தொடராக இணைக்கலாமே என்பர். இணைக்கலாம், ஆனால் செலவைக் குறைக்க இரும்பையும் செம்பையும் குறைத்து, விசிறிக் காற்றை நம்பிச் செய்த பொருள் அது, சில ராடு எரிவதற்குள் சூடேறிவிடும்.

வெளியே 2 வோல்ட்தானே, ஆபத்தில்லை என்ற வாதமும் நிற்காது. முதன்மைச் சுருளில் வீட்டு மின்சாரம் 230 வோல்ட் இருக்கிறது, எர்த் கட்டாயம். அடுப்பைப் பிரிக்கும்போதோ, பிளக்கைப் பிடுங்கிய பிறகும் மின்தேக்கியில் தங்கியிருக்கும் மின்னூட்டம் ஆளையே கொல்லக்கூடும்.