‘கென்டக்கி ரைஃபிள்’: பெயரும் பொருளும்

குழல்வாய் வழியே மருந்திட்டுக் கெட்டிக்கும் பழைய வேட்டைத் துப்பாக்கிகளுள் ‘கென்டக்கி ரைஃபிள்’ என்பது, பெயருக்கு மாறாக, 18ஆம் நூற்றாண்டில் பென்சில்வேனியாவின் லங்காஸ்டர் வட்டாரத்தில் ஜெர்மானியக் குடியேறிகள் கையில் உருப்பெற்றதாகும். 1815ஆம் ஆண்டு நியூ ஆர்லியன்ஸ் போரில் கென்டக்கி வேட்டைக்காரர் ஆற்றிய பங்கைப் புகழ்ந்த பாடலொன்று அப்பெயர் பரவத் துணைநின்றது.

எனவே பெயர்கொண்டு பிறப்பிடம் துணிதல் பொருந்தாது. குழலின் மேற்புறத்துப் பொறிப்பு பெரும்பாலும் செய்தவரைச் சுட்டும். விலைக்கு வாங்கிப் பொருத்திய விசையின் தகட்டிலுள்ள பெயரோ பிறரைச் சுட்டும். சக்கிமுக்கிக் கல் விசையைப் பிற்காலத்தில் கேப்பு விசையாக மாற்றியதுமுண்டு. அதனை உணராதவர் துப்பாக்கியின் காலத்தைப் பிந்தியதாகக் கொண்டு மதிப்பையும் பிழைபடக் கணிப்பர். துருவைத் தேய்த்து மெருகிடின் பொறிப்பும் விலையும் ஒருங்கே குன்றும்.

‘துப்பாக்கி’ என்னும் துருக்கிவழிச் சொல் குழலினுட் சுருள்வரி உண்டா என்பதை உணர்த்தாது. ரைஃபிளுக்கோ அதுவே இலக்கணம். ஆதலின் மொழிபெயர்ப்பில் ‘சுருள்வரித் துப்பாக்கி’ என்றெழுதி, ‘கென்டக்கி’ வழக்குப்பெயரே எனக் குறித்தல் தகும்.