காரைக்குடி இலையில் கொஞ்சம் பர்மா!

'செட்டிநாடு'னு போர்டு மாட்டின ஹோட்டல்ல சாப்பிட்டு, காரத்துல கண் கலங்கின அனுபவம் இருக்கா? அதுதான் செட்டிநாட்டுச் சாப்பாடுனு முடிவு பண்ணியிருந்தா, காரைக்குடி 'பங்களா'வுக்கு ஒருமுறை போய்ட்டு வாங்க.

செஞ்சையில், தேவகோட்டை சாலையில் இருக்கும் இந்த பாரம்பர்ய ஹோட்டலை உருவாக்கியவர் மீனாட்சி மெய்யப்பன். சுமீத் நாயருடன் சேர்ந்து இவர் எழுதிய 'தி பங்களா டேபிள்' சமையல் புத்தகமும் ரொம்ப பிரபலம். வாழை இலைச் சாப்பாட்டோடு ஆங்கிலோ இந்தியன் அயிட்டங்களும் இங்கே உண்டு. காரம்? அளவாத்தான் இருக்கும்.

செட்டிநாட்டு விருந்துல எனக்குப் பிடிச்சது கவுனி அரிசி. கறுப்பா, பசைப்பதமா இருக்கும் இந்த அரிசியை ஊறவெச்சு வேகவெச்சு, சர்க்கரை, நெய், தேங்காய்ப்பூ சேர்த்துக் கிளறுவாங்க. நகரத்தார் கல்யாணங்களில் தவறாம இருக்கும் இந்த இனிப்பு, பர்மாவுல இருந்து வந்தது.

அங்கே வட்டித்தொழில் செய்தவங்க நகரத்தார். 1930-களின் பொருளாதார மந்தத்துல விவசாயிகளால கடனை அடைக்க முடியலை. கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்கள்ல கிட்டத்தட்ட கால்வாசி நிலம் செட்டியார்கள் கைக்கு வந்துடுச்சு. பர்மியர்களுக்கு அந்தக் கோபம் நியாயமானதுதான். 1942-ல் ஜப்பான் படை நுழைந்ததும் பலர் ஊர் திரும்பினாங்க. சுதந்திரத்துக்குப் பிறகு நிலங்களை பர்மிய அரசு எடுத்துக்கிட்டது. அரிசி மட்டும் நம்ம ஊர் அடுப்படியிலயே தங்கிடுச்சு.

பங்களாவுக்குத் திடீர்னு போய் நிக்காதீங்க. முன்கூட்டியே போன் பண்ணி சொல்லிடணும். மெஸ் விலையையும் எதிர்பார்க்க வேண்டாம். அன்னிக்குக் கவுனி அரிசி உண்டானு போன்லயே கேட்டுடுங்க!